தோட்டத்திலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு: முதுகலை சேரப் போகிறவர்களுக்கு

பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பட்டம் முடித்து வருகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்களில் சிலருக்கு மேலே படிக்க ஆசை. "அக்கா, மாஸ்டர்ஸுக்கு எப்படி அப்ளை பண்றது?" என்று கேட்டுச் செய்தி அனுப்புகிறார்கள். அப்ளை பண்ணுவது பெரிய காரியமே இல்லை. இணையத்தில் உட்கார்ந்தால் ஒரே மாலையில் முடித்துவிடலாம். அதற்கு முன்னால் சேர்க்க வேண்டிய காகிதமும், சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதத்துக்குக் கையில் வேண்டிய பணமும்தான் ஆளை உலுக்கிவிடும். எனக்கு இதைச் சொல்லித்தர வீட்டிலும் தோட்டத்திலும் யாரும் இல்லை. கவுண்டர் கவுண்டராக நின்று தெரிந்துகொண்டேன். நீங்கள் அப்படி நிற்க வேண்டாம்.

கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். யூகேஎம், யூபிஎம், யூஎஸ்எம், யூடிஎம் ஆகிய மற்ற நான்கு ஆய்வுப் பல்கலைக்கழகங்களுக்கும் வேலைகளின் வரிசை ஏறக்குறைய இதேதான். கட்டணமும் தேதியும் மட்டும் மாறும். அவற்றை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஆய்வா, பாடமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முதுகலையில் மூன்று வகை உண்டு: முழுக்க ஆய்வு, முழுக்க பாடம், இரண்டும் கலந்தது. பாடவழிப் படிப்பில் வகுப்பு, பணிக்கட்டுரை, தேர்வு என்று நடக்கும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு அது வசதி. மாலையிலும் வார இறுதியிலும் வகுப்பு வைக்கும் துறைகள் இருக்கின்றன. ஆய்வுவழியில் ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே ஆய்வேடு எழுத வேண்டும். முனைவர் பட்டம் வரை போகிற எண்ணம் இருந்தால் ஆய்வுவழியே நல்லது.

வீட்டிலிருந்து பணம் வராது என்பவர்களுக்கு என் யோசனை ஆய்வுவழிதான். பேராசிரியர்களின் ஆய்வு மானியத்திலிருந்து வரும் மாதாந்தர உதவித்தொகை பெரும்பாலும் ஆய்வு மாணவர்களுக்குத்தான் போகிறது.

மதிப்பெண் விஷயம்: நாட்டளவில் முதுகலைக்குக் குறைந்தது 2.50 சிஜிபிஏ (பட்டப்படிப்பின் மொத்தச் சராசரிப் புள்ளி). துறைகள் அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். 3.0 இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. குறைவாக இருந்தால் வேலை அனுபவத்தை வைத்துச் சேர வழி உண்டா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

2. விண்ணப்பத்துக்கு முன்னால் மேற்பார்வையாளர்

ஆய்வுவழியில் சேருகிறவர்கள் பலர் படிவத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். துறையில் உங்கள் தலைப்பை எடுக்க ஆள் இல்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். அதனால் ஆளைத் தேடிவிட்டு அப்புறம் படிவத்துக்குப் போங்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் 'யூஎம் எக்ஸ்பர்ட்' தளத்தில் ஒவ்வொரு விரிவுரையாளரின் துறை, வெளியீடுகள், ஆய்வுத் திட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆய்வேட்டுக் களஞ்சியத்திலும் பழைய ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். நீங்கள் நினைக்கும் மேற்பார்வையாளரிடம் படித்தவர்களின் ஆய்வேடு ஒன்றிரண்டை இறக்கி, முதலில் நன்றியுரைப் பக்கத்தைப் படியுங்கள். எந்த மானியம் பணம் கொடுத்தது, எத்தனை பேர் சேர்ந்து மேற்பார்த்தார்கள், எந்தத் தோட்டத்துக்கோ பள்ளிக்கோ போய்த் தகவல் சேர்த்தார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் யார், என்ன படித்தீர்கள், எதை ஆராய விரும்புகிறீர்கள், அது ஏன் அவர் செய்யும் ஆய்வோடு ஒத்துப்போகிறது என்பது போதும். இரண்டு பக்க ஆய்வு முன்மொழிவை இணையுங்கள். அவருடைய பட்டப்பெயரைத் தளத்தில் பார்த்துச் சரியாக எழுதுங்கள். இணைப் பேராசிரியர், பேராசிரியர், டத்தோ என்று நம் நாட்டில் இதையெல்லாம் கவனிப்பார்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். ஒரே துறைக்குள் அது எப்படியும் தெரிந்துவிடும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரு முறை நினைவூட்டலாம். தேர்வு மாதத்திலும் பண்டிகை விடுமுறையிலும் எழுதினால் பதில் வருவது சிரமம்.

சந்திக்கும்போது இந்த மூன்றையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். உங்களிடம் மானியம் இருக்கிறதா, எனக்கு ஆய்வு உதவியாளர் இடம் கிடைக்குமா? உங்களிடம் படித்தவர்கள் முடிக்க எவ்வளவு காலம் எடுத்தார்கள்? அடுத்த இரண்டு ஆண்டுக்குள் பணி ஓய்வோ ஆய்வு விடுப்போ இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பாதியில் மேற்பார்வையாளர் மாறினால் தலைப்பும் மாறும், உதவித்தொகையும் நின்றுபோகலாம். நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சம். பேராசிரியர்கள் அதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். தினமும் கேட்கிற கேள்விதான் இது.

இணையவழிச் சந்திப்பு என்றால் செம்பனைக்கு நடுவே சிக்னல் தேடி அலையாதீர்கள். பட்டணத்தில் சொந்தக்காரர் வீட்டிலோ, பக்கத்தில் நாடி மையம் (அரசாங்கத்தின் சமூக இணைய மையம்) இருந்தால் அங்கோ முன்கூட்டியே இடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

3. பத்திரங்களைச் சேர்ப்பது

இதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். கேட்கப்படுபவை பொதுவாக இவை:

– அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம்
– பட்டச் சான்றிதழும் முழு மதிப்பெண் பட்டியலும்
– எஸ்பிஎம், எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ்
– ஆய்வு முன்மொழிவு, தன்விவரம்
– இரண்டு பரிந்துரையாளர்களின் பெயரும் மின்னஞ்சலும்
– உதவித்தொகைக்கு அப்பா அம்மாவின் வருமானச் சான்று

முதலில் பெயரைப் பாருங்கள். அடையாள அட்டையில் ஏ/எல், ஏ/பி (இன்னாரின் மகன், இன்னாரின் மகள்) இருக்கும். பட்டச் சான்றிதழில் அது இருக்காது. வங்கிக் கணக்கில் நீளம் பத்தாமல் பாதியில் வெட்டியிருப்பார்கள். இந்த மாதிரி வித்தியாசம் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியதுதான். எழுத்தே மாறியிருந்தால் தலைவலி. பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்று நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் பதிவுக்குப் போனவர் காதில் விழுந்தபடி எழுதியது. தேசியப் பதிவிலாகாவில் திருத்த முடியுமா என்று விசாரியுங்கள். முடியாவிட்டால் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் எழுதி வாங்குங்கள். பதிவுநாளில் பல்கலைக்கழக அமைப்பில் உங்கள் பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்றும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பட்டத்தில் அச்சாகப் போவது அந்தப் பெயர்தான்.

சான்றொப்பம் வைத்த நகல் கேட்டால், யார் கையெழுத்துச் செல்லும் என்று படிவத்திலேயே இருக்கும். அரசாங்க உயர்நிலை அதிகாரி செல்லும் என்றால், பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்து ஏற்கப்படுமா என்று அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் ஈப்போ வரை அலைய வேண்டாம். மூலப் பத்திரத்தையும் எடுத்துப் போங்கள். அதைப் பார்க்காமல் யாரும் முத்திரை குத்த மாட்டார்கள்.

ஸ்கேன் செய்யும்போது மேசைவிரிப்பின் பூப்போட்ட ஓரமும் கட்டைவிரலும் தெரிகிற கைப்பேசிப் படத்தை அனுப்பாதீர்கள். பட்டணத்தில் நகலெடுக்கும் கடையில் சில வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் சுத்தமான பிடிஎஃப் கிடைக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் அது என்ன பத்திரம் என்று பெயர் வையுங்கள்.

வருமானச் சான்று என்றால் தோட்ட ஆபீஸ். அப்பாவின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டை ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேளுங்கள். சம்பள வாரத்தில் போகாதீர்கள், அவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அப்பா அம்மா தோட்டத்தை விட்டு வந்து கூலி வேலையோ சின்ன வியாபாரமோ செய்தால் சம்பளச் சீட்டு இருக்காது. அப்போது வருமான உறுதிப் படிவம் நிரப்பி, அதில் குறிப்பிட்ட அதிகாரியிடம் ஒப்பம் வாங்க வேண்டும். அவர் என்றைக்கு ஆபீசில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

முகவரி இன்னொரு சிக்கல். லயத்து வீட்டுக்குக் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது வரும். வங்கி அட்டை, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டிய ஒப்பந்தம் எல்லாம் இப்படித் தாமதமாகும். பட்டணத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கும் சித்தி வீட்டு முகவரி மாதிரி ஒன்றைக் கொடுங்கள்.

பரிந்துரையாளர்களிடம் முதலில் பேசிவிட்டுத்தான் பெயரைப் போடுங்கள். அமைப்பிலிருந்து அவர்களுக்குத் தானாகவே ஒரு மின்னஞ்சல் போகலாம். அது வேண்டாத அஞ்சல் பெட்டியில் விழுந்துவிட்டால் உங்கள் விண்ணப்பம் முழுமையடையாமல் நிற்கும். அனுப்பிய மறுநாளே "வந்ததா, டாக்டர்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. பணக்கணக்கு

வேறெதையும் மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள். உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தாலும், பணம் முதல் மாதமே வராது. நியமனக் கடிதம், கணக்குத் திறப்பு, கோரிக்கைப் படிவம், மானியப் பிரிவின் ஒப்புதல் எல்லாம் முடிய இரண்டு மூன்று மாதம் ஓடிவிடலாம். அதுவரை வாடகையும் சாப்பாடும் உங்கள் கைப்பணம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். படிப்பு வராமல் இல்லை. அந்த மூன்று மாதத்தைத் தாண்ட முடியவில்லை.

திட்டம் போட ஒரு கணக்குத் தருகிறேன். அறை வாடகை 600 வெள்ளி, சாப்பாடு ஒரு நாளைக்கு 20 வெள்ளி வீதம் 600, பயணம் 50, கைப்பேசியும் சில்லறைச் செலவும் 150. மாதம் 1,400 வெள்ளி. மூன்று மாதத்துக்கு 4,200. அறைக்கு முன்பணம் தனி. அதை 6-ஆம் படியில் சொல்கிறேன். முதல் செமஸ்டர் கட்டணம் இன்னும் தனி. இவ்வளவும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு செமஸ்டர் தள்ளிச் சேருங்கள். அந்த ஆறு மாதம் வேலை செய்து சேர்த்துவிட்டுப் போவதில் எந்தக் குறையும் இல்லை.

கட்டணப் பட்டியலில் படிப்புக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பதிவின்போது ஒரே முறை கட்டுவது, ஒவ்வொரு செமஸ்டரும் கட்டுவது, கடைசியில் ஆய்வேட்டைத் தேர்வுக்கு அனுப்பும்போது கட்டுவது என்று மூன்று பகுதி இருக்கும். மூன்றையும் கூட்டிப் பாருங்கள்.

பணம் வரக்கூடிய இடங்கள்:

ஊழியர் சேமநிதி. பிள்ளையின் உயர்கல்விக்காக அப்பா அம்மா தங்கள் சேமநிதியிலிருந்து எடுக்கலாம். வேலை செய்தவர்கள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கல்விக்கு எடுப்பது 'செஜாத்ரா' கணக்கிலிருந்து. சேர்க்கைக் கடிதம், கட்டணப் பட்டியல், உறவைக் காட்டப் பிறப்புப் பத்திரம் தேவை. அங்கேயும் பெயர் எழுத்துதான் இடிக்கும். இது அவர்களின் முதுமைக்கால பணம் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு, கட்டணத்துக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள்.

ஆய்வு உதவியாளர் பணி. மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், மானியம் எப்போது முடிகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். மானியம் ஆய்வேட்டுக்கு முன்பே முடிந்துவிடுவது சகஜம்.

உயர்கல்வி அமைச்சின் மைபிரெய்ன் உபகாரச் சம்பளம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கல்வி அமைச்சின் கீழ் வேலை செய்யும் ஆசிரியர்கள் எச்எல்பி உபகாரச் சம்பளத்துக்குப் போகலாம்.

பழைய பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்விக் கடன் நிதி) கடன் இருந்தால், மேற்படிப்புக் காலத்துக்குத் திருப்பிச் செலுத்துவதை ஒத்திவைக்க விண்ணப்பியுங்கள். விண்ணப்பிக்காமல் விட்டால் நிலுவை ஏறிக்கொண்டே போகும். இளங்கலையில் முதல் வகுப்பு வாங்கியவர்கள் கடன் விலக்குக்கு உடனே விண்ணப்பியுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு.

வேலை செய்துகொண்டு படித்து வரி கட்டுகிறவர்கள் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வரிவிலக்கு இருக்கிறது.

அப்புறம் வங்கிக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் திறந்த சேமிப்புக் கணக்கை நம்பிப் போகாதீர்கள். ஒரு வருடம் எதுவும் போடாமல் எடுக்காமல் இருந்தால் கணக்கு முடங்கிவிடும். முதல் உதவித்தொகை அங்கே போய்த் திரும்பினால் இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டும்.

5. விண்ணப்பமும் நேரமும்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டர் பொதுவாக அக்டோபரிலும் இரண்டாவது மார்ச்சிலும் தொடங்குகிறது. அக்டோபரில் சேர வேண்டுமென்றால் சீனப் பெருநாள் முடிந்ததும் மேற்பார்வையாளரைத் தேடத் தொடங்குங்கள். பத்திரம் எல்லாம் மே மாதத்துக்குள் தயாராக இருக்கட்டும். விண்ணப்பக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. அதனால் ஒரே நேரத்தில் பல இடங்களுக்குப் போடும் முன் யோசியுங்கள். மருத்துவப் பரிசோதனைப் படிவம் கேட்டால் அரசு கிளினிக்கில் முன்பதிவு செய்யுங்கள். எக்ஸ்ரேக்கு வேறொரு நாள் வரச் சொன்னாலும் சொல்லலாம்.

6. அறை பார்ப்பது

வளாக விடுதி முதுகலை மாணவர் எல்லாருக்கும் கிடைக்காது. விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வெளியே என்றால் பந்தாய் டாலாம், கெரிஞ்சி, பெட்டாலிங் ஜெயாவில் செக்‌ஷன் 17, காசிங் சாலைப் பக்கம் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் கோயிலும் வாழையிலைச் சாப்பாடும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வாடகையும் அதற்கேற்ப இருக்கும்.

முன்பணம்தான் அதிர்ச்சி தரும். வழக்கமாக இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. 600 வெள்ளி அறைக்கு உள்ளே நுழையும் முன்பே 2,100 வெள்ளி. அறை மட்டும் வாடகைக்கு விடுகிறவர்களில் ஒரு மாத வைப்புத்தொகைக்கு ஒத்துக்கொள்கிறவர்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

அறையை நேரில் பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். "நிறையப் பேர் கேட்கிறார்கள், இப்பவே முன்பணம் போடுங்கள்" என்று அவசரப்படுத்துகிறவர்களை விட்டுவிடுங்கள். பிபிஆர் அடுக்குமாடியில் மலிவாக அறை இருக்கிறது என்பார்கள். அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாநகராட்சி வாடகைக்குக் கொடுத்த வீடு. உள்வாடகைக்கு விட அனுமதி இல்லை. சோதனை வந்தால் பெட்டியோடு நீங்கள்தான் வெளியே நிற்பீர்கள். குளிர்சாதனத்துக்குத் தனிக் கட்டணமா, சமைக்கலாமா, எத்தனை பேருக்கு ஒரு குளியலறை என்பதையும் கேளுங்கள். உள்ளே போகும் அன்றே சுவர், மெத்தை, மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பி வையுங்கள். போகும்போது வைப்புத்தொகையைக் கேட்க அதுதான் ஆதாரம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தியர் என்றதும் அறை இல்லை என்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நேரில் போய் அவமானப்பட்டு வராமல் இருக்க, முதல் செய்தியிலேயே உங்கள் பெயரையும் மாணவர் என்பதையும் சொல்லிவிடுங்கள். பேருந்துக் காசாவது மிஞ்சும். துறையில் ஏற்கெனவே படிக்கிற அண்ணன் அக்காமாரிடம் கேட்டால், அவர்கள் காலி செய்யும் அறையே உங்களுக்குக் கிடைக்கலாம். நல்ல அறைகள் பெரும்பாலும் அப்படித்தான் கைமாறுகின்றன.

7. நகரத்தில் போக்குவரத்து

கேஎல் சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டியில் பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி தாண்டி நாலாவது நிறுத்தம் 'கேஎல் கேட்வே யுனிவர்சிட்டி'. அங்கிருந்து வளாகத்துக்குள் பஸ் போகிறது. வளாகம் ஒரு தோட்டத்து டிவிஷன் அளவுக்கு விரிந்து, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். நடந்துவிடலாம் என்று பத்திரப் பையோடு கிளம்பாதீர்கள். பதிவுநாளில் ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

மை50 பயண அட்டை எடுங்கள். 50 வெள்ளிக்கு 30 நாள் ரேபிட் கேஎல்-இன் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பஸ் எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். மலேசியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும். முதல் முறை வாங்க அடையாள அட்டையும் டச் அண்ட் கோ அட்டையும் வேண்டும். ஊரிலிருந்து மோட்டாரைக் கொண்டுபோகிறவர்கள் வளாக ஸ்டிக்கருக்கு விண்ணப்பியுங்கள்.

8. சேர்ந்த பிறகு விட்டுவிடக் கூடாதவை

மலாயாப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களுக்கு முன்மொழிவுத் தற்காப்பு, இடைநிலைத் தற்காப்பு, ஆய்வேட்டுக் கருத்தரங்கு, பிறகு ஆய்வேடு சமர்ப்பித்து நேர்முகத் தேர்வு என்று படிகள் வரும். தற்காப்பு என்றால் குழுவின் முன் உங்கள் ஆய்வை விளக்கிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது. ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. சேர்ந்த வாரமே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

நம் பிள்ளைகள் பலர் தமிழ்ப்பள்ளியையோ தோட்டத்து மக்களையோ ஆய்வுக்கு எடுக்கிறார்கள். நல்ல காரியம், ஆனால் அனுமதிக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களிடம் தகவல் வாங்கப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பள்ளிக்குள் போகக் கல்வி அமைச்சின் இராஸ் அமைப்பு வழியாக விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகு மாநிலக் கல்வித் துறை, பிறகு பள்ளி என்று இறங்கி வர வேண்டும். தலைமையாசிரியர் உங்களைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவராக இருந்தாலும் கடிதம் இல்லாமல் அவரால் விட முடியாது, அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். தோட்டம் பெரிய நிறுவனத்துடையது என்றால் மேனேஜரோடு முடியாது, தலைமையகத்துக்கும் எழுத வேண்டியிருக்கும். பள்ளி ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் களவேலையை முடிக்கிற மாதிரிப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

ஒவ்வொரு செமஸ்டரும் மறுபதிவு செய்ய வேண்டும், எழுதிக்கொண்டு மட்டும் இருந்தாலும். மறந்தால் மாணவர் நிலையே ரத்தாகும் அளவுக்குப் போகலாம். வீட்டில் நோய், துக்கம், பணமுடை என்று வந்தால் காணாமல் போய்விடாதீர்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லி, கெடு முடியும் முன் செமஸ்டர் விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள்.

9. ஊருக்கு வருவது

இடிஎஸ் ரயில் டிக்கெட்டை கேடிஎம்பி செயலியில் வாங்குங்கள். எல்லா ரயிலும் சுங்கை சிப்புட் வரை வருவதில்லை; ஈப்போவோடு முடிவதும் உண்டு. ஏறும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு விற்பனை திறக்கும் நாளைக் குறித்துவைத்து அன்றைக்கே வாங்கிவிடுங்கள். விட்டுவிட்டால் ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்துக்கு விரைவு பஸ் பிடித்து, அங்கிருந்து வீட்டில் யாரையாவது வண்டியோடு வரச்சொல்வதுதான் வழி.